கண்ணாடியின் ஜூம், கணக்கின் ஜூம்

100 எக்ஸ், 250 எக்ஸ், 500 எக்ஸ் என்று கேமரா விளம்பரங்களில் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. அவற்றில் லென்ஸ் பார்த்தது எவ்வளவு, கேமரா பெருக்கிக் காட்டுவது எவ்வளவு? பள்ளிக்கரணைச் சதுப்பின் கரையில் தொடங்கிய ஒரு தேடல்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும் வாரம். காலை ஆறே முக்கால் மணி. துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலையின் ஓரத்தில் நாங்கள் மூன்று பேர் நிற்கிறோம். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் உறுமிக்கொண்டு போகின்றன. எதிரே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. நாமக்கோழிகள் கூட்டமாக மிதக்கின்றன. வெகு தூரத்தில் ஒரு வரிசைப் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்தபடி நடக்கின்றன. எங்கள் மூவரின் கண்ணும் அவற்றின் மேல் இல்லை. சுமார் 150 மீட்டர் தள்ளி, சேற்றுத் திட்டின் விளிம்பில், குருவி அளவே உள்ள ஒரு பறவை குடுகுடுவென்று ஓடுகிறது, நிற்கிறது, சேற்றைக் குத்துகிறது, மறுபடி ஓடுகிறது. உள்ளான் இனம் என்பதில் சந்தேகமில்லை. எந்த உள்ளான் என்பதுதான் கேள்வி. கால் கறுப்பாக இருந்தால் கொசு உள்ளான். வெளிர்மஞ்சளாக இருந்தால் அதன் நெருங்கிய உறவான டெம்மிங்க் உள்ளான். இரண்டுமே வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் முட்டையிட்டுவிட்டுக் குளிருக்கு நம்மிடம் வருபவை. ஈர்க்குச்சி போன்ற அந்தக் காலின் நிறம் தெரிந்தால் போதும்.

மடிப்பாக்கத்திலிருந்து வரும் பெரியவர், பணி ஓய்வுக்குப் பிறகு பறவை பார்க்கத் தொடங்கியவர், தன் நிக்கான் பி1000 கேமராவைச் சாலைத் தடுப்பின் மேல் ஊன்றிக்கொண்டு ஜூம் நெம்புகோலை அழுத்தினார். குழல் நீண்டுகொண்டே போய் 125 எக்ஸில் நின்றது. அவர் கையை எடுக்கவில்லை. திரையின் ஓரத்தில் இருந்த ஜூம் பட்டை நீலமாகியது, பிறகு மஞ்சளாகியது. பறவை திரையை நிறைத்தது. ஆனால் எண்ணெய்த்தாள் வழியாகப் பார்ப்பது போல் ஒரு பழுப்பு உருவம். கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல்.

பக்கத்தில் நின்ற இளைஞர் தன் செல்போனை நீட்டினார். “சார், இதுல பாருங்க. 100 எக்ஸ்.” திரையில் பறவை அழகாக இருந்தது. வட்டமான கண், விளிம்பு பிரிந்த இறகுகள், துடைத்து வைத்தது போன்ற கால்கள். “மஞ்சள் கால் சார், சந்தேகமே வேண்டாம்.”

பெரியவர் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “தம்பி, இந்தக் கண்ணை உன் போன் எங்கேருந்து பார்த்துச்சு?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை. அது ஒரு பறவையோடு முடிகிற கேள்வி இல்லை.

எக்ஸ் என்றால் என்ன?

கடைகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி, “எத்தனை எக்ஸ்?” எக்ஸ் என்பது ஒரு லென்ஸ் தன்னுடைய மிக அகலமான பார்வையிலிருந்து மிக நெருக்கமான பார்வைக்கு எத்தனை மடங்கு போகும் என்று சொல்லும் விகிதம். அவ்வளவுதான். பி1000 கேமரா 24 மி.மீ. பார்வையில் தொடங்கி 3000 மி.மீ.யில் முடிகிறது. மூவாயிரத்தை இருபத்து நான்கால் வகுத்தால் 125. அது எவ்வளவு தூரம் பார்க்கும், எவ்வளவு தெளிவாகப் பார்க்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லை.

இந்த 125-ஐ லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகர்ந்து உண்டாக்குகின்றன. தூரத்துப் பறவையிலிருந்து வரும் ஒளியே சென்சாரின் மேல் பெரிதாக விரிந்து விழுகிறது. இது ஆப்டிகல் ஜூம். 100 மீட்டர் தூரத்தில், 24 மி.மீ.யில் சுமார் 144 மீட்டர் அகலமான காட்சி படத்துக்குள் வரும், 3000 மி.மீ.யில் அதே தூரத்தில் ஒன்றே கால் மீட்டருக்கும் குறைவு. ஒரு ஏரிக்கரையிலிருந்து ஒற்றைக் கொக்குக்கு வந்துவிடுகிறோம்.

அதற்கு மேல் நெம்புகோலை அழுத்தும்போது கண்ணாடி எதுவும் நகர்வதில்லை. கேமரா ஏற்கெனவே விழுந்த படத்தின் நடுப்பகுதியை வெட்டியெடுத்து, பழைய அளவுக்கு இழுத்துப் பெரிதாக்குகிறது. இதுதான் டிஜிட்டல் ஜூம். 16 மெகாபிக்சல் படத்தை 2 மடங்கு டிஜிட்டல் ஜூமில் எடுத்தால் உண்மையான தகவல் 4 மெகாபிக்சல். 4 மடங்கில் எடுத்தால் 1 மெகாபிக்சல். மீதியைக் கேமரா அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறது. ஒரு டம்ளர் காபியில் மூன்று டம்ளர் வெந்நீரை ஊற்றினால் நான்கு டம்ளர் வரும். காபித்தூள் கூடுவதில்லை.

பெட்டிச் செய்தி: ஒரே கேமரா, மூன்று எண்கள்

நிக்கான் பி1000
ஆப்டிகல் ஜூம்: 125 எக்ஸ், 3000 மி.மீ. வரை
‘டைனமிக் ஃபைன் ஜூம்’: 250 எக்ஸ், 6000 மி.மீ. வரை. பட்டை நீலமாகும்.
முழு டிஜிட்டல் ஜூம்: கூடுதலாக 4 மடங்கு, 12000 மி.மீ. வரை. பட்டை மஞ்சளாகும்.

லென்ஸ் செய்யும் வேலை முதல் வரியோடு முடிந்துவிடுகிறது. ‘டைனமிக் ஃபைன் ஜூம்’, பானசோனிக்கின் ‘ஐ ஜூம்’, சோனியின் ‘கிளியர் இமேஜ் ஜூம்’, கேனனின் ‘ஜூம் பிளஸ்’ என்று பெயர்கள் பல. எல்லாமே வெட்டிப் பெருக்குவதைக் கொஞ்சம் நேர்த்தியாகச் செய்யும் வழிகள். பானசோனிக்கில் ‘எக்ஸ்ட்ரா ஆப்டிகல் ஜூம்’ என்றே ஒரு வசதி உண்டு. பெயரில் ஆப்டிகல் இருந்தாலும் அது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் வெட்டுதான். கண்ணாடி அதில் நகர்வதில்லை.

12-லிருந்து 125 வரை ஓடிய பந்தயம்

லென்ஸைக் கழற்ற முடியாது, ஆனால் உருவத்திலும் பிடியிலும் எஸ்.எல்.ஆர். போலிருக்கும் கேமராக்களுக்குத்தான் ‘பிரிட்ஜ்’ என்று பெயர். 2002-ல் பானசோனிக் எஃப்இசட்1 வந்தபோது 12 எக்ஸ் என்பதே வியப்பு. 2012-ல் கேனன் எஸ்எக்ஸ்50 மூலம் பந்தயம் 50-ஐத் தொட்டது. மறுவருடம் பானசோனிக் 60. அதற்கடுத்த வருடம் கேனன் எஸ்எக்ஸ்60-ல் 65. 2015-ல் நிக்கான் பி900 வந்து 83 என்றது. நிலாவை நோக்கி ஜூம் செய்யும் அதன் வீடியோக்கள் உலகம் சுற்றின. 2018-ல் பி1000, 125. அதோடு ஓட்டம் நின்றுவிட்டது. 2025-ல் நிக்கான் பி1100 வந்தபோதும் லென்ஸ் அதே 125 எக்ஸ்தான். மாற்றங்கள் யூஎஸ்பி-சி துளை போன்ற சில்லறைகளில் இருந்தன.

ஏன் நின்றது? சந்தை சுருங்கியது ஒரு காரணம். லென்ஸ் பொருத்தியே வரும் கேமராக்கள் 2010-ல் உலகெங்கும் 10 கோடிக்கு மேல் அனுப்பப்பட்டன; 2020-ல் அது 40 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. செல்போன் விழுங்கிவிட்டது. ஆனால் இன்னொரு காரணம் ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரியவரின் திரையில் கால் ஏன் தீற்றலானது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஒளி விரிந்துவிடுகிறது

எந்தத் துவாரத்தின் வழியாக வந்தாலும் ஒளி சற்றே சிதறி விரியும். துவாரம் சிறிதாக ஆக, விரிவு அதிகம். தூரத்து நட்சத்திரம் ஒரு புள்ளி என்றாலும் சென்சாரில் அது ஒரு சிறு வட்டத் திட்டாகத்தான் விழும். அந்தத் திட்டின் அகலத்தை எஃப் எண்ணை (லென்ஸின் குவியத் தொலைவை அதன் திறப்பின் அகலத்தால் வகுத்த எண்) வைத்தே கணக்கிடலாம். பி1000 முழு ஜூமில் எஃப்/8. அப்போது திட்டின் அகலம் 10.7 மைக்ரான். அந்தக் கேமராவின் சென்சார் 1/2.3 அங்குல வகை, 6.17 மி.மீ. அகலத்தில் 4608 பிக்சல்களை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு பிக்சலின் அகலம் 1.34 மைக்ரான். அதாவது கண்ணாடி வரையும் மிகக் கூர்மையான புள்ளியே எட்டு பிக்சல் அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது.

இது தெரிந்த பிறகு டிஜிட்டல் ஜூமைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. முழு ஆப்டிகல் ஜூமிலேயே பிக்சல்கள் தேவைக்கு மேல் இருக்கின்றன. லென்ஸ் கொடுக்க முடிந்த நுணுக்கத்தை அவை ஏற்கெனவே கடைசிச் சொட்டு வரை வாங்கிவிட்டன. அதற்குப் பிறகு வெட்டிப் பெருக்கினால் எட்டு பிக்சல் மங்கல் பதினாறாகும், முப்பத்திரண்டாகும். புதிதாக ஒரு இறகும் வராது.

பள்ளிக்கரணைப் பறவைக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி1000-ன் ஒளி நுழையும் அகலம் சுமார் 67 மி.மீ. 150 மீட்டர் தூரத்தில் அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. உள்ளானின் கால் கிட்டத்தட்ட அதே தடிமன்தான். காற்று அசையாமல் கண்ணாடி போல் இருந்தால், கை நடுங்காமல் இருந்தால், வெளிச்சம் நன்றாக இருந்தால் நிறம் தெரிந்திருக்கலாம். எல்லையில் நின்ற பறவை அது. பெரியவரின் கேமரா தன்னால் முடிந்ததைச் செய்து, முடியாததை முடியவில்லை என்றே காட்டியது.

போனுக்கு வருவோம். 10 எக்ஸ் ஆப்டிகல் என்று வந்த சாம்சங் எஸ்23 அல்ட்ராவையே உதாரணமாக எடுத்துக்கொண்டால், அதன் டெலி லென்ஸின் திறப்பு சுமார் ஐந்தரை மி.மீ. ஒரு பட்டாணி அளவு. 150 மீட்டரில் அது பிரித்துக் காட்டக்கூடியது சுமார் 18 மி.மீ. உள்ளானின் மொத்த உடல் நீளமே 14 செ.மீ. ஆக, அந்தப் பறவை முழுவதும் அந்த லென்ஸுக்கு எட்டுப் புள்ளி அகலம்தான். அதில் கண் தெரிய வழியே இல்லை. இளைஞரின் போன் எந்த மாடலாக இருந்தாலும் போனுக்குள் அடங்கும் லென்ஸ் அந்த அளவில்தான் இருக்கும். திரையில் தெரிந்த வட்டக் கண்ணும் பிரிந்த இறகுகளும் அந்தச் சேற்றிலிருந்து வரவில்லை. மென்பொருள் முன்பு பார்த்துப் பழகிய எத்தனையோ பறவைகளிலிருந்து வந்தவை.

கேட்க வேண்டிய கேள்வி

எத்தனை எக்ஸ் என்பதை விட்டுவிட்டு, “இந்த லென்ஸின் கண் எவ்வளவு அகலம்?” என்று கேட்கத் தொடங்கினால் காட்சியே வேறாகிறது. அதைக் கண்டுபிடிக்கக் கடைக்காரர் தேவையில்லை. லென்ஸின் முகப்பில் வட்டமாக எழுதியிருப்பார்கள். பி1000-ல் 4.3-539 மி.மீ., 1:2.8-8 என்று இருக்கும். (இதுவரை சொன்ன 24, 3000 மி.மீ. எல்லாம் 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஈடாக்கிச் சொல்லும் எண்கள்; முகப்பில் இருப்பது லென்ஸின் அசல் எண்.) பெரிய மி.மீ. எண்ணைக் கடைசி எஃப் எண்ணால் வகுக்க வேண்டும். 539-ஐ 8-ஆல் வகுத்தால் 67. கிடைப்பது முழு ஜூமில் ஒளி நுழையும் வாசலின் அகலம்.

பெட்டிச் செய்தி: முழு ஜூமில் எந்தக் கண் எவ்வளவு அகலம்?

நிக்கான் பி1000, பி1100: 125 எக்ஸ், 67 மி.மீ.
நிக்கான் பி900, பி950: 83 எக்ஸ், 55 மி.மீ.
சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4: 25 எக்ஸ், 55 மி.மீ.
பானசோனிக் எஃப்இசட்330: 24 எக்ஸ்; 38.6 மி.மீ.
கேனன் எஸ்எக்ஸ்70: 65 எக்ஸ், 38 மி.மீ.
பானசோனிக் எஃப்இசட்82: 60 எக்ஸ், 36 மி.மீ.
பானசோனிக் எஃப்இசட்1000: 16 எக்ஸ், 36.5 மி.மீ.

இந்தப் பட்டியலை முதன்முதலில் போட்டு முடித்தபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 83 எக்ஸ் பி900-க்கும் 25 எக்ஸ் சோனிக்கும் ஒரே அகலக் கண்! 65 எக்ஸ் கேனனும் 24 எக்ஸ் எஃப்இசட்330-ம் ஏறக்குறைய சமம். 60 எக்ஸ் என்று பெருமையாக அச்சிட்ட எஃப்இசட்82, ஒரு பறவையிலிருந்து வாங்கும் ஒளி, 25 எக்ஸ் சோனி வாங்குவதில் பாதிகூட இல்லை. 16 எக்ஸ் எஃப்இசட்1000-ம் 60 எக்ஸ் எஃப்இசட்82-ம் ஒரே ரகம்.

எண் குறைவான கேமராக்களின் பலம் பெரிய சென்சார். சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4-ல் இருப்பது 1 அங்குல வகை, 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. அதன் லென்ஸ் 600 மி.மீ.யில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நாம் வெட்டித்தான் பெருக்க வேண்டும். ஆனால் அங்கே ஒளித் திட்டு இரண்டு பிக்சலைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான், எட்டு அல்ல. அதனால் வெட்டினாலும் உள்ளே சரக்கு இருக்கிறது. டிஜிட்டல் ஜூம் எப்போதுமே வீண் என்று சொல்லிவிட முடியாது என்பது இதனால்தான். கண்ணாடி கொடுத்த நுணுக்கத்தைப் பிக்சல்கள் இன்னும் வாங்கி முடிக்காத கேமராவில் வெட்டுவதற்குப் பொருள் உண்டு; வாங்கி முடித்துவிட்ட கேமராவில் இல்லை.

அதற்காக 83-ம் 25-ம் ஒன்றுதான் என்று சொல்லவும் மாட்டேன். அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையில் பி900 நுணுக்கத்தைச் சிறு துணுக்குகளாகப் பிரித்து வாங்கும். கொஞ்சம் மேல்கை அதற்குத்தான். தவிர, குறியை வ்யூஃபைண்டரில் பெரிதாகப் பார்க்கலாம். பறக்கும் பறவை என்றால் சோனியின் ஃபோகஸ் வேகத்துக்கு அது ஈடாகாது. விலையிலும் அந்த வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் அறிமுகமானபோது பி900 சுமார் 600 டாலர், பி1000 சுமார் 1,000 டாலர், ஆர்எக்ஸ்10 மார்க் 4 சுமார் 1,700 டாலர். இன்னும் மேலே போக வேண்டும் என்றால் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் இருக்கிறது, 150 மி.மீ. அகலக் கண், லென்ஸ் மட்டுமே 3 கிலோ, விலை பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் ஒரு விடியற்காலையில் பையில் போட்டுக்கொண்டு கிளம்பக்கூடிய பொருள் பிரிட்ஜ் கேமராதான். அந்த இடத்தில் அதற்கு மாற்று கிடையாது என்பது என் எண்ணம்.

பி900-லிருந்து பி1000-க்கு மாறலாமா என்று பலரும் கேட்கிறார்கள். எக்ஸ் ஒன்றரை மடங்கு கூடுகிறது. ஒளியும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் நுணுக்கம் 1.2 மடங்குதான். எடையோ 1.4 கிலோவுக்கு ஏறிவிடுகிறது. நான் மாற மாட்டேன்.

தவறிய எண், தவறிய படம்

பல வருடங்களுக்கு முன் நான் வாங்கிய முதல் டிஜிட்டல் கேமராவின் பெட்டியில் பெரிய எழுத்தில் ஒரு ஜூம் எண் இருந்தது. எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்பது இப்போது வேண்டாம். அது ஆப்டிகலையும் டிஜிட்டலையும் பெருக்கிப் போட்ட எண் என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் பணி நிறைவு விழாவில் கூடத்தின் கடைசி வரிசையிலிருந்து, அவர் மாலையோடு மைக் முன்னால் நின்று பேசியதை அந்தக் கேமராவின் கடைசி ஜூம் வரை இழுத்து எடுத்தேன். பிரின்ட் போட்டுப் பார்த்தபோது அப்பாவின் முகம் ஈரச் சுவரில் ஊறிய சுண்ணாம்பு போல் இருந்தது. எழுந்து பத்தடி முன்னால் போயிருந்தால் போதும். அப்பா இன்று இல்லை. அந்த மேடையில் அவர் பேசியதற்கு அந்த ஒரு படம்தான் இருக்கிறது.

பெருக்கிப் போட்ட எண்ணால் வரும் இழப்பு இப்படித்தான் வீடு தேடி வருகிறது. பள்ளி ஆண்டு விழா, கோபுரத்துக் கும்பாபிஷேகம், கடற்கரையில் மகள் ஓடிய ஓட்டம் எதையும் மறுபடி எடுக்க முடியாது. கேமராவின் மெனுவில் டிஜிட்டல் ஜூமை அணைத்துவிட ஒரு வரி இருக்கிறது. வாங்கிய அன்றே அதை அணைத்து வைக்கும்படி நான் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். அணைத்தால் லென்ஸ் முடியும் இடத்தில் ஜூம் நின்றுவிடும். அதற்கு மேல் தேவை என்றால் வீட்டில் கணினியில் வெட்டிக்கொள்ளலாம்; எவ்வளவு வெட்டுவது என்று அப்போது நாம் முடிவு செய்யலாம், திரும்பவும் வரலாம். நிக்கான் பி950, பி1000 போன்றவற்றில் ரா கோப்பாக எடுத்தால் டிஜிட்டல் ஜூம் வேலையே செய்யாது. சென்சார் பார்த்ததை அப்படியே பதிவு செய்யும் கோப்பு அது. பெருக்கலுக்கு அங்கே இடமில்லை.

டிஜிட்டல் ஜூமுக்கு நியாயமான வேலைகள் சில உண்டு. சேற்றுத் திட்டில் நிற்பது பறவையா மண்ணாங்கட்டியா என்று அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ள உதவும். வீடியோவில் கணக்கு வேறு: முழு ஹெச்டி படத்துக்கு 1920 பிக்சல் அகலம் போதும், பி1000-ன் சென்சாரில் 4608 இருக்கிறது. இரண்டு மடங்கு வெட்டினாலும் பிக்சல் பற்றாக்குறை வராது. ஒளி விரிவு மட்டும் அப்படியே இருக்கும்.

பெட்டிச் செய்தி: கடையில் ஐந்து நிமிடம்

லென்ஸ் முகப்பில் இருக்கும் எண்களை வகுத்துப் பாருங்கள்.
டிஜிட்டல் ஜூமை அணைக்கச் சொல்லுங்கள்.
கடை வாசலுக்கு வந்து தெருக்கோடியில் உள்ள பெயர்ப்பலகையின் சின்ன எழுத்தை முழு ஆப்டிகல் ஜூமில் எடுங்கள். பிறகு டிஜிட்டல் ஜூமைத் திறந்து அதே எழுத்தை எடுங்கள். முதல் படத்தைத் திரையில் பெரிதாக்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். முதலில் வாசிக்க முடியாத எழுத்து இரண்டாவதில் வாசிக்க முடிகிறதா?
வெயில் ஏறிய தார் ரோட்டின் மேல் இதைச் செய்ய வேண்டாம். கானல் எழுத்தை நெளித்துவிடும்.

ஆம், கானல். 3000 மி.மீ.யில் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் லென்ஸ் இல்லை, காற்று. கோடியக்கரையின் உப்பளங்களுக்கு மேல் பத்து மணிக்கு ஜூமைத் திருப்பினால் பூநாரைகள் தண்ணீரில் கரைவது போல் நெளியும். எந்த விலை லென்ஸும் அதைச் சரிசெய்யாது. கையின் நடுக்கம் அடுத்தது. பழைய விதிப்படி 3000 மி.மீ.க்கு ஷட்டர் வேகம் நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். நடுக்கத்தைத் தாங்கும் வசதி அதைப் பெருமளவு குறைத்துத் தருகிறது, ஆனால் ஓடும் பறவையை நிறுத்திவைக்காது.

நிலா விவகாரம்

இந்தப் பந்தயத்தில் போன்கள் 2020-ல் சாம்சங் எஸ்20 அல்ட்ராவோடு 100 எக்ஸைத் தொட்டன. ஆப்டிகல் பங்கு அதில் ஏறக்குறைய 4 மடங்குதான். 2023 மார்ச்சில் ஒருவர் ஒரு சோதனை செய்தார். நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, தூரத்திலிருந்து சாம்சங் போனால் படமெடுத்தார். மூலத்தில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் போனின் படத்தில் வந்தன. நிலா என்று அடையாளம் கண்டதும் செயற்கை நுண்ணறிவு நுணுக்கங்களைக் கூட்டுகிறது, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளலாம் என்று சாம்சங் விளக்கம் கொடுத்தது. 2025-ல் கூகுள் பிக்சல் 10 ப்ரோ இன்னும் வெளிப்படையாக வந்தது. 100 எக்ஸ் வரையிலான அதன் ஜூம், படத்தை உருவாக்கும் வகைச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறது. மனிதர்களின் முகத்தில் அதைச் செய்வதில்லை. மூலப் படத்தையும் சேர்த்தே வைக்கிறது. மூலத்தை வைத்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்த மூலத்தைத் திறந்து பார்ப்போம்?

பி1000-ல் எடுத்த நிலா வேறு வகை. 3000 மி.மீ.யில் நிலா சென்சாரின் உயரத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே விழுகிறது. அந்தப் பள்ளங்கள் அங்கிருந்து வந்த ஒளி. வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் தெரியும், சனியின் வளையம் இருப்பதும் தெரியும். கூரை மாடியில் ஒரு குழந்தைக்குச் சனியைக் காட்டியவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். இதே கேமராக்களை வைத்துத்தான் பூமி தட்டை என்பவர்களும் வீடியோ போட்டார்கள். ஃபோகஸ் தவறிய நட்சத்திரம் நெளியும் வண்ண வட்டாகத் தெரிய, அதுதான் நட்சத்திரத்தின் உண்மை உருவம் என்றார்கள். கருவி பொய் சொல்லவில்லை. கருவியின் எல்லை எங்கே என்று கேட்காமல் பார்த்தார்கள்.

யாருக்குப் பாதிப்பு?

பறவைப் பதிவுகள் இன்று குடிமக்களின் படங்களை நம்பி நிற்கின்றன. ஒரு சதுப்பு நிலத்துக்கு எந்த வலசைப் பறவை வந்தது, எத்தனை வந்தது என்ற கணக்கு, அந்த நிலத்தைக் காப்பதற்கான வாதமாகவே மாறுகிறது. பள்ளிக்கரணை, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். அங்கே எடுத்த மங்கலான படத்தைப் பார்த்து ஒரு நிபுணர், “இதில் முடிவு சொல்ல முடியாது” என்று ஒதுக்கிவிடலாம், பதிவுக்குச் சேதமில்லை. அழகான, கால் மஞ்சளாக இருக்கும், கண் பளிச்சென்று இருக்கும் படம் வந்தால் அவர் எதைப் பார்த்துச் சந்தேகப்படுவார்? மங்கல் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். கற்பனை செய்த கூர்மை அப்படிச் செய்யாது. சாலை விபத்தில் வண்டி எண், கூட்டத்தில் ஒரு முகம், எல்லையில் ஒரு படகு என்று இதே போன்ற ஜூம் சாட்சியாக வரும் நாளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கண்ணாடியின் ஜூமுக்கும் தன் பொறுப்பு உண்டு. ரேடியல் சாலையிலிருந்து திரும்பிப் பார்த்தால் அடுக்குமாடிகள். 300 மீட்டர் தள்ளி இருக்கும் ஜன்னல் ஒன்று பி1000-ன் சட்டத்துக்குள் முழுதாக அடங்கும். ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அவர் சம்மதம் இல்லாமல் பார்ப்பதும் படம் பிடிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி குற்றம். பறவை பார்ப்பவர்கள் கேமராவைக் குடியிருப்புப் பக்கம் திருப்பாமல் நிற்பதை வழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுபக்கம், நீண்ட ஆப்டிகல் ஜூம் பறவைக்குச் செய்யும் நன்மை பெரியது. வேடந்தாங்கலில் மஞ்சள்மூக்கு நாரை குஞ்சுக்கு நிழல் கொடுத்துச் சிறகை விரித்து நிற்பதைக் கரையில் நின்றபடியே எடுக்க முடிகிறது. போனோ சிறிய லென்ஸோ மட்டும் வைத்திருப்பவர் கூட்டை நெருங்கத் துடிக்கிறார். தாய் எழுந்து பறக்கிறது, குஞ்சு வெயிலில் கிடக்கிறது, காகம் வருகிறது. 83 எக்ஸோ 125 எக்ஸோ, அந்தத் தூரத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதற்காகவே நான் இந்தக் கேமராக்களை மதிக்கிறேன்.

எட்டரை மணி

ரேடியல் சாலைக்குத் திரும்புவோம். வெயில் ஏறிவிட்டது. சேற்றுத் திட்டுக்கு மேல் காற்று நெளியத் தொடங்கியது. பெரியவர் மெனுவைத் திறந்து டிஜிட்டல் ஜூமை அணைத்துவிட்டு, 125-ல் இருபது முப்பது படங்கள் எடுத்தார். ஒன்றில் கால் கறுப்பு போல இருந்தது. இன்னொன்றில் சேறு ஒட்டியது போல. இளைஞர் தன் போனில் ஜூமைக் குறைத்து 10 எக்ஸுக்குக் கொண்டுவந்து, அந்தப் பறவை ஒரு பழுப்புப் புள்ளியாக இருக்கும் படத்தையும் எடுத்துக்கொண்டார்.

“என்ன சார் எழுதப் போறீங்க?” என்றார்.

“கொசு உள்ளான் வகை, ஒண்ணு. இனம் உறுதி இல்லை.” பெரியவர் நோட்டில் எழுதினார். “பறக்கும்போது சத்தம் குடுக்கும் தம்பி. ரெண்டுக்கும் குரல் வேற வேற. அது கேட்டா சொல்லிடலாம்.”

நாங்கள் காத்திருந்தோம். ஒன்பதுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது மேலே ஒரு பூனைப்பருந்தின் நிழல் கடந்தது. உள்ளான் சட்டென்று எழும்பியது. அலகு திறந்ததை வ்யூஃபைண்டரில் பார்த்தேன் என்றார் பெரியவர். அந்த நொடியில் எங்கள் பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தபடி போனது.